பீரியட்ஸ் வலிக்கு ஒரே நாளில் மூன்று வகை மாத்திரை போடலாமா? எங்கே நிறுத்த வேண்டும்?

கார்த்திகைப்பூ:

வயது 26. பள்ளியில் படிக்கும்போதே முதல் நாள் வலி உண்டு, ஆனால் அது தாங்கக்கூடிய வலி. இந்த இரண்டு வருடமாகத்தான் நிலைமை வேறு மாதிரி. இரத்தப்போக்கு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்து முறுக்கி, இடுப்பில் இறங்கி, தொடை வரை இழுக்கிறது. கூடவே வாந்தி, பேதி, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்துக் கொட்டும். சில சமயம் கழிவறைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவேன், எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது.

மெஃபனமிக் ஆசிட்டும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரைதான் எப்போதும் போடுவது. முன்பெல்லாம் ஒன்று போட்டால் தூங்கி எழும்போது வலி போயிருக்கும். இப்போது அது கேட்பதில்லை. அதனால் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு ஐபுப்ரொஃபென் 400, அப்புறம் ராத்திரி பாராசிட்டமால், விடியற்காலையில் மறுபடி மெஃபனமிக் என்று போகிறது. போன மாதம் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் ஒரு வாரம் விடவில்லை.

இப்படிச் சேர்த்துப் போடலாமா என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் அம்மா மாத்திரையே வேண்டாம், கர்ப்பப்பை கெட்டுவிடும், பின்னால் குழந்தைக்குக் கஷ்டம் என்கிறார். ஒரு டாக்டரிடம் போனேன், ஸ்கேன் நார்மல், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். அதுவரைக்கும் மாதாமாதம் நான் என்ன செய்வது? அடுத்த பீரியட்ஸ் வருவதற்குள் ஒரு வழி தெரிந்தால் போதும்.

மருந்துமேசை:

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: மெஃபனமிக் ஆசிட்டையும் ஐபுப்ரொஃபெனையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே குடும்பம். நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் அதே கூட்டம்தான். ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள ஆபத்து மட்டும் ஏறும். உங்கள் எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முழு அளவில், சரியான நேரத்தில் போட வேண்டும். பாராசிட்டமால் வேறு வகை, அதை இவற்றில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஏன் சரியான நேரம் என்கிறேன் என்றால், பீரியட்ஸுக்கு முன் புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் இறங்கும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நிறையச் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்குகிறது, அந்த இறுக்கத்தில் இரத்தக் குழாய்கள் நசுங்கித் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது, அந்த வலிதான் நீங்கள் சொல்லும் முறுக்கல். அதே பொருள் இரத்தத்தில் கலந்து குடலையும் தொந்தரவு செய்வதால்தான் வாந்தி, பேதி. நான் மேலே சொன்ன மாத்திரைகள் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியாகும் இடத்திலேயே தடுப்பவை (இதை 1971-இல் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் ஆஸ்பிரினை வைத்துக் கண்டுபிடித்துக் காட்டினார், 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது). புதிதாகச் சுரப்பதைத் தடுக்கும், ஏற்கனவே சுரந்ததை ஒன்றும் செய்யாது. அதனால் வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போட்டு, கேட்கவில்லை என்று இன்னொன்று போடுவதில் பயனில்லை. இரத்தப்போக்கின் முதல் அறிகுறி தெரிந்ததுமே போட வேண்டும். தேதி தவறாமல் வருகிறவர்கள், கர்ப்பம் இல்லை என்பது உறுதியாக இருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு முந்தைய நாளே ஆரம்பிக்கலாம். அப்புறம் வலி திரும்பி வரட்டும் என்று காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்து முதல் இரண்டு மூன்று நாள் இடைவெளி தவறாமல் போட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும்.

அளவு விஷயம். பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது இது: ஐபுப்ரொஃபென் என்றால் 400 மி.கி., ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, டாக்டர் சொல்லாமல் ஒரு நாளில் 1200-ஐத் தாண்டக் கூடாது. மெஃபனமிக் ஆசிட் என்றால் 500 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. உங்கள் கூட்டு மாத்திரையில் மெஃபனமிக் ஆசிட் 250 மட்டும் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அப்படியானால் இத்தனை நாள் பாதி அளவைப் போட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அதற்காகக் கூட்டு மாத்திரையையே இரண்டாகப் போட வேண்டாம். தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமினும் சேர்ந்து இரட்டிப்பாகும், வாய் உலரும், பார்வை மங்கும், தலை சுற்றும், அந்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது. மெஃபனமிக் ஆசிட் தனியாகவே 500 மி.கி.யில் கிடைக்கும், டாக்டரிடம் அதைக் கேளுங்கள். பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் எப்படிப் பார்த்தாலும் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரலில் பிரச்சினை, மதுப் பழக்கம் என்று ஏதாவது இருந்தால் அதைவிடக் குறைவு.

இன்னொன்று, தயவுசெய்து அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்னால் பொடி எழுத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கும் மருந்து. காய்ச்சலுக்கு, பல் வலிக்கு, முதுகு வலிக்கு என்று வீட்டில் கிடக்கும் மாத்திரைகளில் பாதி, பாராசிட்டமாலும் இந்தக் குடும்பத்தில் ஒன்றும் சேர்ந்த கலவைகள். அட்டையை வெட்டி நாலு மாத்திரை வாங்கினால் மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் மற்ற துண்டோடு போய்விடும், அந்தப் பெயர் தெரியாத துண்டு கைப்பையில் கிடந்து, வலி வரும்போது எது எதுவென்று தெரியாமல் விழுங்குவார்கள். முழு அட்டையாக வாங்கி வையுங்கள்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் சரியான அளவில் போடுவதால் கர்ப்பப்பை கெடாது, குழந்தை பிறப்பதும் பாதிக்காது. கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டித் தொடர்ந்து போட்டால் அது வெளியேறுவது தள்ளிப்போகலாம், மருந்தை நிறுத்தினால் அதுவும் சரியாகிவிடும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் மட்டும் இதை டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலே இந்தக் குடும்ப மாத்திரையைத் தொடக் கூடாது.

இரண்டாம்மாடி:

மேலே சொன்னதோடு ஒன்று. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென், மெஃபனமிக் இவற்றில் எதைப் போட்டாலும் மூச்சு அடைக்கும். எனக்கு அப்படித்தான், மூக்கு ஒழுக ஆரம்பித்து அரை மணியில் நெஞ்சு இறுகிவிட்டது, அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி) இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். எனக்கு இப்போது ஹார்மோன் மாத்திரையும் வெந்நீர்ப் பையும் தான், நன்றாகவே போகிறது.

தூறல்:

கார்த்திகைப்பூ, உங்கள் பதிவில் எல்லாரும் மாத்திரையைப் பார்க்கிறார்கள், எனக்குக் கண்ணில் பட்டது "இந்த இரண்டு வருடமாகத்தான் வேறு மாதிரி" என்ற வரி. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையில், குடல் மேல், இடுப்புக் குழியின் சவ்வில் எல்லாம் வளரும் நோய். இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க 19 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஸ்கேன் நார்மல் என்றால் இந்த நோய் இல்லை என்று அர்த்தமில்லை, இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சினைப்பையில் கட்டியாக இருந்தால் ஸ்கேனில் தெரியும், சவ்வின் மேல் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருப்பது சாதாரண ஸ்கேனில் தெரியாது. எனக்கு மூன்று இடத்தில் நார்மல் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் ஸ்கேனை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பீரியட்ஸ் சமயத்தில் மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போல வலிக்கிறதா, உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் வலிக்கிறதா, பீரியட்ஸ் இல்லாத நாளிலும் இடுப்பு வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதற்கு முன் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் கூச்சம். உங்களுக்கு இதில் ஏதாவது இருந்தால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்பது வைத்தியம் இல்லை. கர்ப்ப காலத்தில் பீரியட்ஸ் இல்லாததால் வலி இல்லாமல் இருக்கலாம், பிறகு திரும்பி வந்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வலிக்கு மருந்து கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லி அனுப்புவது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எந்த மாத்திரை எத்தனை மி.கி., எவ்வளவு நேரத்தில் குறைந்தது, வாந்தி எடுத்தீர்களா, அன்று வேலைக்குப் போக முடிந்ததா. வாயால் "ரொம்ப வலி" என்று சொல்வதற்கும் இந்தத் தாளை நீட்டுவதற்கும் அவர்கள் நடந்துகொள்வதில் வித்தியாசம் இருக்கும்.

கார்த்திகைப்பூ:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அட்டையைப் பார்த்தேன், மெஃபனமிக் 250-தான். தூறல், நீங்கள் சொன்னதில் மலம் கழிக்கும்போது வரும் வலி எனக்கும் உண்டு, பேதியால் என்று நினைத்திருந்தேன்.

மருந்துமேசைக்கு இரண்டு சந்தேகம். பதற்றத்துக்காக செர்ட்ராலின் தினமும் சாப்பிடுகிறேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன், அதனால் ஏதாவது உண்டா? அப்புறம் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்துவிட்டால் திரும்பப் போடலாமா?

மருந்துமேசை:

சொன்னது நல்லதாயிற்று, இது முக்கியம். செர்ட்ராலின், ஃப்ளூவாக்சிடின், எசிடலோப்ராம் வகை மருந்துகள் இரத்தத் தட்டணுக்களின் வேலையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். ஐபுப்ரொஃபென் குடும்பம் வயிற்றின் பாதுகாப்புப் படலத்தைக் குறைக்கும். இரண்டும் சேரும்போது வயிற்றிலிருந்து இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காக செர்ட்ராலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அது வேறு தொல்லை. டாக்டரிடம் சொன்னால் அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் சேர்த்துத் தருவார், காலையில் சாப்பாட்டுக்கு முன் போடுவது. உங்களுக்கு ஏற்கனவே எரிச்சல் வந்திருப்பதால் அதை டாக்டரிடம் காட்டாமல் அடுத்த மாதம் இந்த மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம், அதற்குள் வலி வந்துவிட்டால் பாராசிட்டமாலும் வெப்பமும் மட்டும். மலம் தார் போலக் கருப்பாகப் போனால், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் நிறத்தில் எதுவுமோ வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வாந்தி: மாத்திரை முழுசாக வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தால் திரும்பப் போடலாம், பார்க்கவில்லை என்றால் அடுத்த வேளை வரை பொறுங்கள், உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று தெரியாது. முன்கூட்டியே ஆரம்பித்தாலே வாந்தி பலருக்கு வராது. அப்படியும் வந்தால் வாந்திக்கு மருந்தும், ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக்கும் இருக்கின்றன, அதை வைத்தால் அன்று வாய்வழி மெஃபனமிக்கோ ஐபுப்ரொஃபெனோ கூடாது, ஒரே குடும்பம். வாந்தி பேதியில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எனவே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சிறுநீரக நோய், இதய நோய், அல்சர் உள்ளவர்கள், லித்தியமோ மெத்தோட்ரெக்சேட்டோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். மாத்திரை தொடங்கிய சில நாளில் அல்லது சில வாரத்தில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், மெஃபனமிக்கில் அரிதாக அப்படி ஒரு கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு.

பிரசவவார்டு:

மகளிர் நோய்ப் பிரிவில் நர்ஸ். மருந்துமேசை எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. சரியான அளவில், சரியான நேரத்தில் மூன்று மாதம் போட்டுப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் அடுத்த கட்டம் பார்க்க வேண்டும் என்பது பொதுவான முறை. இவருக்கு அந்த மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வருடக்கணக்கில் இருந்த வலி மாறிக் கூடிக்கொண்டே போகிறது, மலம் கழிக்கையில் வலி என்கிறார். இப்போதே போகலாம்.

அடுத்த கட்டம் என்றால் உடனே ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்ல லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும் என்பது பழைய வழக்கம். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலே அறிகுறிகளை வைத்து மருந்து ஆரம்பித்துப் பார்க்கலாம் என்கிறது. அந்த மருந்துகள் ஹார்மோன் வகை. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டோஜனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் கொடுத்து பீரியட்ஸையே தள்ளிப்போடலாம், பீரியட்ஸ் இல்லை என்றால் அந்த வலிக்கும் இடமில்லை, இரத்தம் உள்ளேயே தேங்கிவிடும் என்ற பயம் வேண்டாம், சவ்வு தடிக்காததால் வெளியேற எதுவும் இருக்காது. ஒற்றைத் தலைவலி வரும் முன் கண்ணில் மின்னல், வளைகோடுகள் தெரிகிறவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்களுக்கு இந்த வகை ஆகாது. அவர்களில் பலருக்குப் புரொஜெஸ்டோஜன் மட்டும் உள்ளது பொருந்தும்: தினமும் 2 மி.கி. டைனோஜெஸ்ட், அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம். முதல் சில மாதம் விட்டு விட்டு இரத்தம் படும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் நிறைய. செர்ட்ராலின் எடுப்பதால் மனநிலை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கவனித்துக்கொண்டே வர வேண்டும், இறங்குவது போலத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது.

டிரமடால், கோடீன் மாதிரி ஓபியாய்டு வகை வலி மருந்துகளை யாராவது இந்த வலிக்கென்று மாதாமாதம் எழுதினால் ஏன் என்று கேளுங்கள். மலச்சிக்கல் வரும், பழக்கமாகும். செர்ட்ராலினோடு டிரமடால் சேர்வது தனி ஆபத்து.

பரிசோதனைக்கு உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகச் செய்வது) சொல்வார்கள். வேண்டாம் என்று தோன்றினால் மறுக்கலாம், வயிற்றின் மேல் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ கேட்கலாம்.

நாள் பார்க்காமல் ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலி வந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை போட்டு அடக்காதீர்கள், கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும், மயக்கம், மணிக்கு ஒரு பேட் நனைந்து தொடர்ந்து சில மணி நேரம் போவது, இவையும் அப்படித்தான்.

வெயில்முற்றம்:

வெந்நீர்ப் பையைச் சும்மா பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். சுமார் 39 டிகிரியில் விடாமல் வெப்பம் கொடுத்தது ஐபுப்ரொஃபென் அளவுக்கு உதவியதாக ஆய்வே இருக்கிறது, மாத்திரையோடு சேர்த்தும் வைக்கலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க வைக்காதீர்கள். என் தங்கை வயிற்றில் பழுப்பு நிறத்தில் வலை வலையாகக் கோடு விழுந்து, என்னவோ ஏதோ என்று தோல் டாக்டரிடம் போனால், தினம் சூடு வைத்துத் தோல் வெந்த அடையாளம் என்றார். துணி சுற்றி வையுங்கள், அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள்.

மகளின்அப்பா:

இதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். மகளுக்கு 13 வயது, பூப்படைந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் நாள் பள்ளிக்குப் போக முடியாமல் சுருண்டு படுக்கிறாள். அம்மா இல்லாத வீடு, என்னிடம் சொல்லத் தயங்குகிறாள். அவளுக்கு இந்த மாத்திரைகள் கொடுக்கலாமா?

மருந்துமேசை:

கொடுக்கலாம், ஆனால் மேலே நான் எழுதிய அளவுகள் பெரியவர்களுக்கு. அவளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு, அதனால் ஒரு முறை டாக்டரிடம் கூட்டிப்போய் ஐபுப்ரொஃபெனோ பாராசிட்டமாலோ எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு ஒரு தரம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் 16 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற அரிதான நோய் வரலாம். அந்த வயதில் பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின் வலிதான், நேரத்துக்குக் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். கேட்கவில்லை என்றால் சின்னப் பெண்தானே என்று விடாதீர்கள், எண்டோமெட்ரியோசிஸ் அந்த வயதிலும் வரும்.

அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இல்லை. அளவை ஒரு சீட்டில் எழுதி, மாத்திரை அட்டையோடு அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். எத்தனை மணிக்குப் போட்டாள் என்று அதே சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள், இரட்டை டோஸும் ஆகாது. பள்ளியில் வலி ஆரம்பித்தால் மாத்திரை யாரிடம் இருக்கும் என்பதை அவளுடைய டீச்சரிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள்.